காபி இல்லை, டின்டோதான்

ஆர்செசியோ புரித்திக்காவின் கைகள் அப்போது ஒரு தையல் இயந்திரத்தைக் கட்டிலின் காலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தன. கட்டில் ஜீப்பின் பின்பக்கம் நின்றிருந்தது. அதற்கு மேல் இரண்டு மெத்தை, கதவு கழற்றிய அலமாரி, நான்கு நாற்காலி, ஒரு மண் பானை, வாழைக்காய் மூட்டை, உயிருள்ள மூன்று கோழிகளோடு ஒரு கூண்டு. எல்லாவற்றுக்கும் உச்சியில் இயேசுவின் திரு இருதயப் படம், சிவப்புச் சுடரோடு. எங்கள் கொலம்பிய ஊரான கலர்க்காவில் ஜூன் மாதத் திருவிழா ஜீப் ஊர்வலத்துக்கு ஒரு முழு வீட்டையே இப்படி ஏற்ற வேண்டும்; அன்று நடந்தது ஒத்திகை. எது அழகாக ஏற்றப்பட்டதோ அதற்குப் பரிசு. இன்னொரு போட்டியும் உண்டு. பின்பாரத்தில் முன்சக்கரம் இரண்டும் அந்தரத்தில் எழும்ப, ஜீப் பின்சக்கரத்தில் மட்டும் நின்று வட்டமடிக்க வேண்டும். முப்பத்தொரு வருடமாக ஆர்செசியோ இரண்டிலும் ஓட்டுகிறார்.

முடிச்சுப் போடும்போது அவருக்கு நாக்கு வெளியே வரும். நாக்கு எவ்வளவு நீளமோ முடிச்சு அவ்வளவு உறுதி. அன்று நாக்கு பாதியில் உள்ளே போய்விட்டது, வலது கை இடது கையைப் பிடித்துக்கொண்டது. கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்த நான் அதைக் கவனித்தேன்.

"என்ன ஆச்சு, டோன் ஆர்செசியோ?"

"ஒண்ணுமில்ல கோமாத்ரே. வாயு."

"வாயு இடது கை வழியாவா வெளிய போகும்?"

அவர் கயிற்றை இறுக்கப் பார்த்தார். நெற்றி வேர்த்திருந்தது. ஜீப்பின் படியில் உட்காரவைத்து, நாடி பிடித்து, ஓர் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொன்னேன். நாற்பது வருடம் மருத்துவமனையில் துணைச் செவிலியாக வேலை பார்த்தவள் நான். வாயு எது, எது வாயு இல்லை என்று தெரியும். அவருடைய மகளுக்கு ஞானத்தாயும் நான்தான். அதனால்தான் அந்த வீட்டில் என்னைக் கோமாத்ரே என்பார்கள்; மகளின் அம்மாவை நானும் அப்படியே கூப்பிடுவேன், அவரை மரியாதையாக டோன் என்பேன்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக யாராவது ஜீப்பை ஓட்ட வேண்டுமே. அவருடைய மனைவி ரூபியேலாவுக்கு ஓட்டத் தெரியாது. எனக்கும் தெரியாது. எதிர்க் கடையிலிருந்து ரூபியேலாவின் தம்பி பவுடிலியோ ஓடிவந்தான். வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் கோழிகளையும் சேர்த்தே ஓட்டினான், இறக்க நேரமில்லை. அவசரப் பிரிவு வாசலில் ஓர் அலமாரியோடு போய் இறங்கிய நோயாளி அன்று அவர் ஒருவர்தான். அங்கே இறங்கும்போது பவுடிலியோ சொன்னான்:

"மச்சான், கிளட்ச் வெண்ணெய் மாதிரி இருக்கு. இனிமே உங்களுக்கு எதுக்கு இந்தக் கஷ்டமெல்லாம்?"

சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆர்செசியோவின் நாடி அப்போதுதான் நூற்றிருபதுக்கு ஏறியது.

மாரடைப்பு இல்லை என்று இரத்தப் பரிசோதனை சொன்னது. ஆனால் இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதுவரை வண்டி ஓட்டக் கூடாது என்றார்கள். ஓடும் பட்டையில் ஓடவைத்துச் சோதிக்க அவருடைய இடது முழங்கால் ஒத்துழைக்காது. ஆகவே பக்கத்து நகரமான பெரெய்ராவில் ஒரு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே கொஞ்சம் கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி, அது இதயத்தசையில் எங்கெல்லாம் போய்ச் சேர்கிறது என்று கேமராவால் படம் எடுப்பார்கள். ஒருமுறை இதயம் ஓய்வாக இருக்கும்போது. இன்னொரு முறை, ஓடினால் குழாய்கள் எப்படி விரியுமோ அப்படி விரியவைக்கும் ஒரு மருந்தைக் கொடுத்துவிட்டு.

ரூபியேலா ஜீப் சாவியை வாங்கி மேல்சட்டைக்குள் போட்டுக்கொண்டாள்.

"படம் நல்லா வந்தா சாவி உங்களுக்கு, ஆர்செசியோ. மோசமா வந்தா ஜீப் பவுடிலியோவுக்கு. அவன் விலை சொல்லிட்டான்."

"சாவியை அங்கயா வெக்கிறீங்க, கிழவி?"

"அங்கதான் பத்திரம். இருபது வருஷமா நீங்க அந்தப் பக்கம் வரலை."

எங்கள் பக்கத்தில் கணவனும் மனைவியும் 'நீங்க' என்றுதான் பேசிக்கொள்வார்கள். திட்டும்போதும்.

அன்றிலிருந்து பவுடிலியோ தினமும் மச்சானை நலம் விசாரிக்க வந்தான். விசாரித்துக்கொண்டே டயரைக் காலால் உதைத்துப் பார்ப்பான்.

பரிசோதனை ஒரு வியாழக்கிழமைக்குக் கிடைத்தது. திருவிழா ஊர்வலம் அதற்குப் பத்து நாள் கழித்து, ஞாயிறு. மருத்துவமனை ஒரு தாள் அனுப்பியிருந்தது. நான்தான் கண்ணாடி போட்டுக்கொண்டு உரக்கப் படித்தேன்: இருபத்துநான்கு மணி நேரத்துக்குக் காபி, சாக்லேட், கோலா கூடாது. கடைசி நான்கு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் கூடாது. ஆர்செசியோ மாலையில் ரொட்டியோடு குடிக்கும் பால் காபியைப் பெரிய தியாகம்போலத் தள்ளிவைத்தார். வியாழன் காலை சாப்பாட்டையும் ஒதுக்கினார். மூன்று பேரும் பேருந்தில் போனோம்.

கேமரா அறையில் இருந்த பெண்ணின் பெயர் யுஸ்மாரி. வெனிசுவேலாவின் மரக்காய்போவிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. எல்லோரையும் 'செல்லமே' என்று கூப்பிடுவது அவள் ஊர் வழக்கம்.

"காபி குடிச்சீங்களா, செல்லமே?"

"யாருக்குச் செல்லம்?" என்றாள் ரூபியேலா.

"இல்லம்மா, ஒரு சொட்டு குடிக்கலை," என்றார் ஆர்செசியோ, காது சிவக்க.

"சாக்லேட்? கோலா?"

"இல்ல, இல்ல."

"மது?"

"சேச்சே. வார நாள்ல தொடறதில்ல."

"அப்போ காலைலேருந்து வேற எதுவும் குடிக்கலை."

"தண்ணி குடிச்சேன். அப்புறம் டின்டோ."

யுஸ்மாரியின் பேனா நின்றது.

"டின்டோவா? எத்தனை?"

"இன்னிக்குக் கம்மிதான். நாலு. நேத்து ஏழு."

"காலைலயேவா, செல்லமே?"

"முதல் டின்டோ அஞ்சரைக்கு. இல்லாட்டி கை நடுங்கும்."

"வீட்டுல இருக்கறவங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியுமாவா? இவங்கதான் எழுப்பிக் குடுக்கறாங்க," என்று ரூபியேலாவைக் காட்டினார். "மூணாவதை கோமாத்ரே ஊத்திக் குடுத்தாங்க."

யுஸ்மாரி என்னைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"வீட்டுல குழந்தைங்க இருக்காங்களா?"

"ரெண்டு பேத்திங்க. அவங்களுக்குப் பால் கலந்துதான் குடுப்போம். சின்னப் பிள்ளைங்கதானே."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். சற்று நேரத்தில் டாக்டர் சொராய்டா ஓயோஸ் வந்தார். உயரமான பெண், எங்கள் பக்கத்துக்காரர், நடையிலேயே பாதி நோய் குணமாகும்.

"ஊதுங்க," என்றார் ஆர்செசியோவிடம்.

ஊதினார். டாக்டர் முகர்ந்தார். கண்ணை மூடித் திறந்தார்.

"யுஸ்மாரி, உங்க ஊர்ல டின்டோன்னா சிவப்பு ஒயின். கொலம்பியாவுல டின்டோன்னா கருங்காபி. இவர் குடிகாரர் இல்ல." பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "காபி குடிக்கலைன்னு சொன்னீங்களாமே?"

"குடிக்கலையே, டாக்டர்," என்றார் ஆர்செசியோ. "டின்டோதான் குடிச்சேன்."

அவர் பொய் சொல்லவில்லை. எங்களுக்குக் காபி என்றால் பால் சேர்த்தது, உட்கார்ந்து குடிப்பது. டின்டோ டின்டோதான். நின்றபடி, பேசியபடி, கையில் யார் திணித்தாலும் குடிப்பது. மூச்சு விட்டதை யாராவது கணக்கில் சொல்வார்களா?

"கூட வந்தவங்க செவிலியா இருந்தவங்கன்னு எழுதியிருக்கே," என்றார் டாக்டர்.

நான் என் காலணிகளைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தன.

டாக்டர் விளக்கினார். காபியில் இருக்கும் காஃபீன், குழாய்களை விரிக்கும் மருந்தை வேலை செய்ய விடாது. இதயத்துக்கு ஓடியதுபோன்ற நிலை வராது. அடைப்பு இருந்தாலும் படத்தில் தெரியாமல் போகலாம்.

"அதாவது, படம் நல்லா வரும். ஆனா பொய்யா வரும்."

"நல்லா வரும்னா..." என்று ஆரம்பித்தார் ஆர்செசியோ.

"பொய்யா வரும்."

"புரிஞ்சுது, டாக்டர்."

புரிந்துவிட்டது என்பது எனக்கும் புரிந்தது. அவருக்கு யோசனை வந்தால் தொப்பி தானாகப் பின்னால் நகரும். தொப்பி நகர்ந்தது.

அடுத்த வியாழனுக்குத் தேதி மாற்றினார்கள். ஊர்வலத்துக்கு மூன்று நாள் முன்பு.

திரும்பும் பேருந்தில் ரூபியேலாவிடம் சொன்னேன்: "கோமாத்ரே, இப்போ இவருக்கு வழி தெரிஞ்சு போச்சு. ஒரு டின்டோ உள்ள போனா படம் நல்லா வரும், சாவி கைக்கு வரும்."

"ஒரு டின்டோகூடப் போகாது," என்றாள் அவள்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்குக் காவல் ஆரம்பித்தது. காலணிப் பெட்டி அட்டையை வெட்டி, 'டின்டோ தராதீர். ரூபியேலா' என்று எழுதி, சணல் கோத்து அவர் கழுத்தில் மாட்டினாள். எங்கள் ஊரில் டின்டோ வாங்காமல் ஒரு தெருவைக் கடப்பது லேசில்லை. வங்கியில் தட்டோடு வந்த பெண் அட்டையைப் படித்தாள், கையெழுத்தைப் பார்த்தாள், தட்டோடு பின்வாங்கினாள். முடிவெட்டும் கடையில் கையில் கொடுத்த கோப்பையை அவரே திருப்பிக் கொடுக்கும்படி நாற்காலியில் இருந்த நான்கு பேர் குரல் கொடுத்தார்கள். பாதிரியார் அட்டையைப் படித்து, அவருக்கு ஆசி கூறி, அவருக்கு நீட்டவிருந்த டின்டோவை அவர் கண்ணெதிரிலேயே தாம் குடித்தார்.

ஆனால் மிகப் பெரிய காவல்காரன் பவுடிலியோதான். படம் உண்மையாக வர வேண்டும் என்று அவனைப்போல் வேண்டிக்கொண்டவர் யாருமில்லை. "மச்சானுக்குத் துணையா இருக்கேன்க்கா," என்று தலையணையோடு வந்துவிட்டான். மச்சான் போகும் இடமெல்லாம் ஓர் அடி பின்னால் நடந்தான். இராத்திரி படுக்கையறை வாசலில் குறுக்கே படுத்தான். ரூபியேலா இரண்டு முறை அவனைத் தாண்டினாள், ஒரு முறை மிதித்தாள்.

புதன் மதியத்துக்குள்ளேயே ஆர்செசியோவுக்குத் தலைவலி வந்துவிட்டது. இரண்டு மணிக்குக் கோழியோடு சண்டை போட்டார். மூன்று மணிக்கு அதனிடம் மன்னிப்புக் கேட்டார். நான்கு மணிக்கு என் வீட்டுக்கு வந்தார், பின்னால் பவுடிலியோ.

"கோமாத்ரே, மோந்து பார்க்கலாமான்னு அந்தப் பொண்ணுகிட்ட கேளுங்க."

தொலைபேசியில் கேட்டேன். மோந்து பார்க்கத் தடையில்லை, செல்லமே என்றாள் யுஸ்மாரி. உடனே போய்ச் சதுக்கத்துக் காபிக்கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அரை மணி நேரம் மூக்கால் குடித்தார். கடைக்காரர் வந்து, "டோன் ஆர்செசியோ, இழுத்தது போதும், உள்ள இருக்கறவங்களுக்கும் கொஞ்சம் விடுங்க," என்று கும்பிட்டார்.

வியாழன் காலை பவுடிலியோவே ஜீப்பை ஓட்டினான். ஆர்செசியோ பக்கத்து இருக்கையில். பெரெய்ரா போகும் வழியெல்லாம் அவன் கியர் மாற்றும்போதெல்லாம் இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு முறையும் நான் பின்னாலிருந்து கையை நீட்டி நாடி பார்த்தேன். நாடி சரியாக இருந்தது. வலி கியர்பெட்டியில்தான்.

ரூபியேலா பதிவு செய்யப் போனாள். பவுடிலியோ வண்டி நிறுத்த இடம் தேடிப் போனான். காத்திருக்கும் இடத்தில் நாங்கள் இருவர்தான். ஆர்செசியோவின் தோளில் எப்போதும் ஒரு தோல் பை தொங்கும். எங்கள் பக்கத்து ஆண்கள் மாட்டிக்கொள்ளும் பழைய வகைப் பை. வெளியே தெரிவது நான்கு அறை, தெரியாதது எத்தனை என்று செய்தவனுக்குத்தான் வெளிச்சம். அன்று அது கனமாகத் தொங்கியது.

"பையைக் குடுங்க."

"எதுக்கு கோமாத்ரே?"

"நோயாளியோட சாமானைப் பட்டியல் போடறது என் பழக்கம். குடுங்க."

சீப்பு, பகடைக்காய், புனிதர் படம், ஒரு முழக் கயிறு, இரண்டு எலுமிச்சை. அடியில் ஓர் இரகசிய அறையில் ஒரு சின்னப் பிளாஸ்க். திறந்து பார்த்தேன். விளிம்புவரை டின்டோ. ஆவி பறந்தது.

"இது எப்போ?"

"விடியக்காலைல பவுடிலியோ கழிவறைக்குப் போனான். நாலு நிமிஷம். நாலு நிமிஷத்துல தண்ணி கொதிக்கவெச்சு, வடிகட்டி, ஊத்தி, வடிதுணியையும் அலசிக் காயப்போட்டுட்டேன்."

"எவ்வளவு குடிச்சீங்க?"

"குடிக்கலை."

"டோன் ஆர்செசியோ."

"பாருங்க, விளிம்புவரைக்கும் இருக்கு. அஞ்சு மணியிலேருந்து தோள்ல தொங்குது. மலைப்பாதையில ஒவ்வொரு வளைவுலயும் 'குடி, குடி'ன்னு அது சொல்லுது. குடிச்சா சாவி வந்துரும், தெரியும். ஆனா ஞாயித்துக்கிழமை ஊர்வலத்துல பக்கத்துல யார் உட்காருவாங்க? கிழவிதானே. முப்பத்தொரு வருஷமா அங்கதான் உட்கார்றாங்க. பொய்ப் படத்தை நம்பி ஓட்டி, இறக்கத்துல எனக்கு ஏதாவது ஆச்சுன்னா, அவங்களுக்கு பிரேக் எங்க இருக்குன்னுகூடத் தெரியாது, கோமாத்ரே."

நான் பிளாஸ்கை மூடி என் பையில் போட்டுக்கொண்டேன்.

"அப்போ எதுக்குக் கொண்டுவந்தீங்க?"

"அதைப் போட்டப்போ இவ்வளவு யோசிக்கலை."

யுஸ்மாரி கையில் ஒரு புதுத் தாளோடு வந்தாள். ஒரு வாரமாகச் சேர்த்த பட்டியல்.

"காபி குடிச்சீங்களா, செல்லமே? டின்டோ? பால் காபி? பாதிப் பால் காபி? வெல்லத்தண்ணியில போட்ட டின்டோ? ஆறிப்போன டின்டோ? அடுத்தவங்க கோப்பைல ஒரு வாய்? காபி மிட்டாய்? காபி ஐஸ்கிரீம்? பக்கத்து வீட்டுல மரியாதைக்காக?"

"மரியாதைக்காகக்கூட இல்ல," என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். இந்த முறை என் காலணியைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

முதல் ஊசி போட்டார்கள். ரூபியேலா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"கதிரியக்கம்னா இவர் இருட்டுல மின்னுவாரா, பொண்ணே?"

"மாட்டார், செல்லமே."

"பின்ன என்ன பிரயோஜனம்? எங்க வீட்டுல வாரத்துக்கு ரெண்டு தடவை கரண்ட் போகுது."

பேத்திகளை இன்று ஒருநாள் மடியில் வைத்துக் கொஞ்ச வேண்டாம், நிறையத் தண்ணீர் குடியுங்கள், அவ்வளவுதான் என்றாள் யுஸ்மாரி. பிறகு அவள் சொன்ன அடுத்த வாக்கியத்தில் ரூபியேலாவின் இரண்டு வருட ஆட்சி கவிழ்ந்தது.

"இப்போ இவர் கொஞ்சம் கொழுப்பா சாப்பிடணும்."

"என்னது?"

"மருந்து ஈரலுக்கும் பித்தப்பைக்கும் போய் நிக்கும். அது இதயத்துக்குப் பக்கத்துலயே பளிச்சுனு தெரிஞ்சு படத்தைக் கெடுக்கும். கொழுப்பா எதாவது சாப்பிட்டா அங்கேருந்து இறங்கிரும்."

இரண்டு வருடமாக அந்த வீட்டில் பன்றித்தோல் வறுவல் கிடையாது. ரூபியேலா கையை நீட்டினாள். "எழுதிக் குடுங்க." யுஸ்மாரி எழுதிக் கொடுத்தாள். ஆர்செசியோ அந்தத் தாளை வாங்கி நான்காக மடித்துப் புனிதர் படத்தோடு வைத்துக்கொண்டார். மருத்துவமனைக்கு எதிர்க் கடையிலிருந்து ஒரு துண்டு வறுவலும் எண்ணெயில் பொரித்த இரண்டு சீஸ் உருண்டையும் வந்தன. அவர் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். சத்தம் நடைபாதைவரை கேட்டது. பவுடிலியோ தன்னுடைய ஈரலும் பளிச்சென்று இருப்பதாகச் சொல்லி ஓர் உருண்டையை எடுத்துக்கொண்டான்.

கேமராவுக்கு அடியில் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு கால் மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும். பத்தாவது நிமிடத்தில் ஒலிபெருக்கியில் யுஸ்மாரியின் குரல் வந்தது.

"செல்லமே, கையை ஆட்டாதீங்க."

கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்த்தேன். மனிதர் தூங்கிவிட்டார். தூக்கத்தில் இரண்டு கையும் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தன. இடப்பக்கம் ஒரு வளைவு, வலப்பக்கம் ஒரு வளைவு, பிறகு ஒரு நீண்ட ஹாரன்.

"பாலத்துக்கிட்ட வந்துட்டார்," என்றாள் ரூபியேலா. அவளுக்கு அந்தச் சாலை மனப்பாடம்.

படத்தில் இதயம் இரண்டாகத் தெரிந்தது. இரண்டாவது முறை எடுத்தபோது ரூபியேலா மைக்கை வாங்கிக்கொண்டு, "வண்டியை ஓரமா நிறுத்துங்க, ஆர்செசியோ," என்றாள். கைகள் நின்றன.

அதன் பிறகு குழாய்களை விரிக்கும் மருந்து. டாக்டர் சொராய்டா பக்கத்திலேயே நின்றார். ஆர்செசியோவின் முகம் சிவந்தது. நெஞ்சு கனக்கிறது என்றார், தலை வெடிக்கிறது என்றார். அப்போது அவர் வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை. ரூபியேலா அவருடைய காலணியை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தாள். இரண்டாவது ஊசி ஏறியது. சில நிமிடம் போனது. இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் நிமிர்ந்தார்.

"மருந்து வேலை செஞ்சுருச்சு. நெஞ்சு கனம் குறையுதா?"

"குறையுது. தலைதான் விடமாட்டேங்குது, டாக்டர்."

"அதுக்கு மருந்து இருக்கு. இனிமே தடையில்ல. இவருக்கு யாராவது ஒரு டின்டோ குடுங்க."

காலணியைத் துடைத்துக்கொண்டிருந்த ரூபியேலாவின் கை நின்றது.

"டாக்டர், என்ன சொன்னீங்க?" என்றார் ஆர்செசியோ மெல்ல.

"டின்டோ. காபி, இந்த மருந்தை முறிக்கும். அதனாலதான் முன்னாடி வேண்டாம்னோம். இப்போ அதே காரணத்துக்காக வேணும். கீழ கடையில வரிசை பெருசா இருக்கும், யாராவது போய்..."

நான் என் பையைத் திறந்து பிளாஸ்கை எடுத்தேன். மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். ரூபியேலா பிளாஸ்கைப் பார்த்தாள், அது தன் சமையலறைப் பிளாஸ்க் என்று கண்டுகொண்டாள், கணவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"விளிம்புவரைக்கும் இருந்துச்சு, கோமாத்ரே," என்றேன். "நான் சாட்சி."

அவர் குடித்தார். இரண்டாவது மூடியும் குடித்தார். முகத்தில் நிறம் திரும்பியது. யுஸ்மாரியும் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, எங்க ஊர் டின்டோதான் தேவலை, செல்லமே என்றாள்.

மாலையில் டாக்டர் எங்களைத் திரைக்கு முன் உட்காரவைத்தார். இதயத்தைக் குறுக்கே அறுத்து அறுத்து வைத்ததுபோல் வரிசையாக வளையங்கள். மஞ்சள், ஆரஞ்சு, நடுவில் ஓட்டை. ரொட்டிக்கடையில் அடுக்கிய வளைய ரொட்டி மாதிரியே இருந்தன.

"மேல் வரிசை மருந்து குடுத்த பிறகு. கீழ் வரிசை ஓய்வா இருந்தப்போ. கீழ எல்லா வளையமும் முழுசா இருக்கா? மேல பாருங்க, இந்த மூணுல ஓரத்துல ஒரு கடி."

"யார் கடிச்சது?" என்றார் ஆர்செசியோ.

"ஒரு குழாய் சுருங்கியிருக்கு. ஓய்வா இருந்தா இரத்தம் போதுது. பாரம் தூக்கினா அந்த இடத்துக்கு மட்டும் போதலை. தசை சாகலை, நல்லாத்தான் இருக்கு. இடம் சின்னது. இப்போதைக்கு மாத்திரையில பார்த்துக்கலாம். மூணு மாசம் கழிச்சு வாங்க. நடுவுல வலி வந்தா உடனே வாங்க."

பவுடிலியோ தொண்டையைச் செருமினான். "அப்போ, படம் மோசம்தானே, டாக்டர்?"

"மோசம்னு சொல்லமுடியாது."

"நல்லதுன்னும் சொல்லமுடியாதுல்ல?"

"வண்டி ஓட்டலாமா?" என்றார் ஆர்செசியோ. வேறு எதுவும் அவருக்குக் கேட்க இல்லை.

"எப்படி ஓட்டுவீங்க?"

"ரெண்டு சக்கரத்துல."

டாக்டர் அவரை உற்றுப் பார்த்தார். "நீங்க கலர்க்கா புரித்திக்காவா? உச்சியில திரு இருதயப் படம் வெச்சு, கோழியோட வர்ற ஜீப்பா?"

"அதேதான்."

"போன வருஷம் உங்க கோழி ஒண்ணு என் மேல விழுந்துச்சு." அவர் பேனாவை மூடினார். "நாலு சக்கரத்துல ஓட்டலாம். சுமையேத்தின போட்டியில மட்டும். வட்டமடிக்கக் கூடாது. பாரம் தூக்கக் கூடாது, ஒரு நாற்காலிகூட. மாத்திரை ஒருவேளைகூடத் தவறக் கூடாது."

எல்லோரும் ரூபியேலாவைப் பார்த்தோம். படம் நல்லா வந்தா சாவி, மோசமா வந்தா ஜீப் போச்சு என்றுதானே தீர்ப்பு. இடைப்பட்ட படத்துக்கு அவள் தீர்ப்பு எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"அந்தப் பிளாஸ்கைக் குடிச்சிருந்தா படம் எப்படி வந்திருக்கும், டாக்டர்?" என்று கேட்டாள்.

"ஒருவேளை எல்லா வளையமும் முழுசா வந்திருக்கும்."

அவள் எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போகும் வழியில் மருந்துக்கடை வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னாள், அவ்வளவுதான். ஆர்செசியோ மடியில் அந்த வளையப் படத்தின் அச்சை வைத்திருந்தார். யுஸ்மாரியிடம் இரந்து வாங்கியது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் போனபோது அவர் முற்றத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஜீப். கட்டிலையும் அலமாரியையும் பவுடிலியோ ஏற்றிக்கொண்டிருந்தான், வியர்வை சொட்ட. "இடப்பக்கம் ஒரு விரல். ஒரு விரல்னேன், மச்சான், ஒரு முழம் இல்ல." நாற்காலியிலிருந்தே கட்டளை பறந்தது. கயிற்றை நான் கட்டினேன். மூன்று முறை அவிழ்க்கச் சொன்னார், நான்காவது முறை நான் அவிழ்க்க மறுத்தேன். இரத்த அழுத்தம் பார்த்தேன், நன்றாக இருந்தது. ஒரு டின்டோ ஊற்றிக் கொடுத்தேன்.

ரூபியேலா உள்ளே இருந்து வந்தாள். கையில் சாவி. சாவி வளையத்தோடு மாத்திரை டப்பாவைச் சின்னச் சங்கிலி போட்டுப் பிணைத்திருந்தாள். டப்பாவைத் திறந்து மாத்திரையை அவர் நாக்கில் வைத்தாள், விழுங்கும்வரை பார்த்தாள், வாயைத் திறக்கச் சொல்லி நாக்கடியிலும் பார்த்தாள். பிறகுதான் சாவியைக் கொடுத்தாள்.

எல்லாம் ஏறிய பின் அவர் எழுந்து வளையப் படத்தை எடுத்தார். திரு இருதயப் படத்துக்குக் கீழே வைத்துக் கட்டப் போனார். சுடரின் நிறமும் வளையங்களின் நிறமும் ஒன்றுபோலவே இருந்தன. காகிதம்தானே, பாரமில்லை என்று நான் விட்டுவிட்டேன். நாக்கு முழுதாக வெளியே வந்தது.

முடிச்சு விழுந்ததும் ரூபியேலாவைக் கூப்பிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தார். தான் பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டியை முடுக்கச் சொன்னார். ஜீப் முற்றத்திலிருந்து தெருவை நோக்கி மெல்ல உருண்டது.

"இப்போ பிரேக்கை மிதிங்க, கிழவி."

அவள் பலம்கொண்ட மட்டும் மிதித்தாள். ஜீப் நிற்கவில்லை. கோழிகள் கத்தின. பவுடிலியோ முன்னாலிருந்து குதித்து விலகினான்.

"அது கிளட்ச்," என்றார் ஆர்செசியோ.